ஒரு பக்கம் உறங்கிய இயந்திரம்

சில ஆண்டுகளுக்கு முன், குற்றாலத்திலிருந்து திருநெல்வேலிக்குத் திரும்பும் வழியில், ஆலங்குளம் தாண்டியதும் எங்கள் வண்டியின் குரல் மாறியது. எங்கள் என்றது எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பரையும் சேர்த்து. வண்டி, அவருடைய தந்தையார் 1980களின் நடுவில் வாங்கிய ராஜ்தூத் 350. தந்தையார் மறைந்த பிறகு அதை விற்க மனமில்லாமல் நண்பர் வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் அதில் ஊர் சுற்றுவது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

வண்டி நிற்கவில்லை. அதுதான் அன்றைய விநோதம். ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. மேட்டில் மூச்சு வாங்கியது, சமதரையில் நொண்டியது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, வலப்பக்கத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கறுத்து நனைந்திருந்தது. கைவசம் இருந்த புதுப் பிளக்கைப் போட்டதும் இரண்டு பக்கமும் உயிர்த்தெழுந்தன. பிளக்தான் காரணம் என்று மகிழ்ந்து புறப்பட்டோம். ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் அதே நொண்டல்.

மறுநாள் ஒரு பணிமனையில் விட்டோம். 'இன்ஜின் வேலை இருக்கு' என்றார்கள். ஹெட்டைக் கழற்றி, இரண்டு சிலிண்டர்களையும் ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன்கள் போட்டுத் தந்தார்கள். செலவைப் பற்றி இங்கே எழுதிப் பயனில்லை. மூன்றாம் நாள், வண்டி சூடானதும், வலப்பக்கம் மறுபடி உறங்கிவிட்டது.

இரண்டு சிலிண்டர் உள்ள மோட்டார் சைக்கிளில் ஒன்று மட்டும் வேலைநிறுத்தம் செய்வது நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய நோய். அந்த நோயை மனிதர் எப்படிக் கண்டறிந்துவந்தார்கள் என்று தேடிப் படிக்க எங்களைத் தூண்டியது அந்தத் தோல்விதான். படித்ததில் சிலவற்றையும், பிறகு அந்த வண்டிக்கு நேர்ந்ததையும் இந்தக் குழும நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. சிலிண்டரை இனி உருளை என்றே எழுதுகிறோம். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் 'போர்' என்று பெயர்.

*

முதலில் நோயின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒற்றை உருளை வண்டிக்கு இந்த நோய் வராது. அங்கே உருளை செத்தால் வண்டி நின்றுவிடும். உயிர் உண்டு அல்லது இல்லை. இரட்டை உருளை வண்டியில்தான் பாதி உயிர் என்ற நிலை உண்டு. நல்ல உருளை தன்னோடு செத்த உருளையின் பிஸ்டனையும் சேர்த்து மேலும் கீழும் இழுத்துச் செல்கிறது. வண்டி ஓடுவதால் பிழை மறைகிறது. ஓட்டுபவர் எதிர்க்காற்று என்றும் கலப்படப் பெட்ரோல் என்றும் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்.

காது மட்டும் ஏமாறுவதில்லை. ராஜ்தூத் 350 இரண்டு வீச்சு இயந்திரம். அதன் பிஸ்டன்கள் ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். ஆகவே கிராங்க் தண்டு ஒருமுறை சுற்றும்போது இரண்டு வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 வெடிப்பு. ஓர் உருளை நின்றால் அது 50 ஆகிவிடும். அதிர்வு பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் என்பது இசை தெரிந்தவர்களுக்குப் புதிதன்று. ஆலங்குளத்தில் நாங்கள் கேட்டது அந்த இறக்கத்தைத்தான். கேட்டோம், பொருள் கொள்ளத் தெரியவில்லை.

நொண்டல் எல்லாம் நோயன்று என்பதையும் சொல்லவேண்டும். ஹார்லி டேவிட்சனின் 45 பாகை வி வடிவ இயந்திரத்தில் இரண்டு வெடிப்புகளும் இயல்பாகவே சமமற்ற இடைவெளியில் நிகழ்கின்றன. அந்தத் தாவல் நடை அதன் ஆரோக்கியம். 1937இல் எட்வர்ட் டர்னர் வடிவமைத்து வெளிவந்த 498 சிசி டிரையம்ப் ஸ்பீட் ட்வின்னிலோ இரு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, முறைவைத்து வெடித்தன, சீரான நடை. அதே நடையைக் காதில் வைத்துக்கொண்டு ஹார்லியைக் கேட்பவர் நல்ல இயந்திரத்தை நோயாளி என்பார். எனவே ஓர் இயந்திரத்தின் நலம் எது என்பதை முதலில் அறிந்தவருக்கே அதன் நோயும் பிடிபடும்.

*

இந்த நோயின் மூலம் பெரும்பாலும் தீயில் இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உருளைக்குள் உரிய நொடியில் பற்றவைப்பதுதான் தொடக்ககால இயந்திரக் கலைஞர்களை வாட்டிய பெருஞ்சிக்கல். சிக்கல்களுக்கெல்லாம் சிக்கல் என்று கார்ல் பென்ஸ் அதைக் குறிப்பிட்டதாகப் படிக்கிறோம்.

1885இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மரச்சட்டத்தில் பொருத்தி ஓட்டிய ஒற்றை உருளை வண்டியில் தீப்பொறி கிடையாது. உருளையோடு இணைந்த சிறு குழாய் ஒன்றை வெளியே எரியும் சுடர் செந்நிறமாகக் காய்ச்சிக்கொண்டே இருக்கும்; உள்ளே அழுத்தப்பட்ட கலவை அந்தச் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும். இருக்கைக்குக் கீழே இப்படி ஓர் அடுப்பு எரிந்தால் என்னாகும்? முதல் நெடும்பயணத்திலேயே இருக்கை தீப்பிடித்ததாக அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு குறிப்பு உண்டு.

விற்பனைக்கென்று தொடர்ந்து தயாரிக்கப்பட்ட முதல் மோட்டார் சைக்கிள், 1894இல் மியூனிக் நகரில் வெளிவந்த ஹில்டெபிராண்ட் - வோல்ஃப்முல்லர். அது இரட்டை உருளை வண்டி என்பது நம் கட்டுரைக்கு முக்கியம். கொள்ளளவு 1489 சிசி. ஆற்றலோ இரண்டரைக் குதிரைத்திறன் அளவே. நீராவி ரயிலில் இருப்பதுபோல் பிஸ்டன் தண்டுகள் நேரே பின்சக்கரத்தை உதைத்துச் சுழற்றின. தனியாகச் சுழல்சக்கரம் இல்லை. பின்சக்கரமே அந்த வேலையையும் செய்தது. பற்றவைப்பு மட்டும் அதே காய்ச்சிய குழாய்தான். ஓர் உருளை உறங்கினால் ஓட்டுபவருக்கு அது முதுகெலும்பிலேயே தெரிந்திருக்கும். அந்த நிறுவனம் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டது. மோட்டார் சைக்கிள் பிறந்தபோதே பாதி உயிர் என்ற நோய்க்கும் இடம் வைத்துக்கொண்டுதான் பிறந்தது எனலாம்.

தீயை மின்சாரத்தின் கையில் ஒப்படைத்த கதை இதற்கு இணையாக நடந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பட்டறை வைத்திருந்த ராபர்ட் பாஷ் 1887இல் நிலையான இயந்திரம் ஒன்றுக்காகத் தாழ்மின்னழுத்த மேக்னெட்டோவைச் செய்தார். பத்தாண்டு கழித்து, 1897இல், அதை டி டியோன் பூட்டோன் மூன்றுசக்கர வண்டியில் பொருத்தினார். 1902இல் அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் உயர்மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். மின்கலம் வேண்டாம்; சுடர் வேண்டாம்; இயந்திரம் சுழலும் விசையிலிருந்தே தீப்பொறி பிறக்கும். 1914இல் போர் மூண்டபோது, பிரிட்டன் தனக்குத் தேவையான மேக்னெட்டோக்களில் பெரும்பங்கை எதிரி நாட்டிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது தெரியவந்து அங்கே பெரிய நெருக்கடி உண்டாயிற்று. வண்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி அளவில் இருந்த கருவிக்கு அத்தனை அரசியல்.

மறுகரையில், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்கலம், காயில், பாயிண்ட், கண்டன்சர் ஆகியவற்றைக் கொண்ட பற்றவைப்பு முறையைக் கார்களுக்காகச் செம்மைப்படுத்தினார். அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளுக்கு உலகத்துக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெரும்பாலும் இந்த இரண்டு மரபுகளில் ஒன்றைச் சார்ந்தே எரிந்தன. நண்பரின் ராஜ்தூத் இரண்டாம் மரபைச் சேர்ந்தது.

அந்த முறையின் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், பின்னால் தேவைப்படும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. சரிவின் வேகமே காயிலின் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறிப் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. ஆனால் திறக்கும் நொடியில் மின்சாரம் பாயிண்ட்டின் நுண்ணிய இடைவெளியையே தாவிக் கடக்கப் பார்க்கும். அதைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, புலம் விரைந்து சரிய வழிவிடுவது கண்டன்சர். விரல் நுனி அளவே இருக்கும் தகர உருளை அது. அது பழுதானால் மின்சாரம் பாயிண்ட்டிலேயே சிதறிப்போகும். பிளக்குக்கு வந்து சேர்வது சோகையான பொறிதான்.

*

உருளைகள் பெருகப் பெருக நோயறியும் கலையும் நுட்பமாயிற்று. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1905லேயே நான்கு உருளை மோட்டார் சைக்கிளை விற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் நான்கு உருளையைச் சாதாரண மனிதரின் கைக்கு எட்டச் செய்தது 1969இல் வெளிவந்த ஹோண்டா சிபி750.

அந்த வண்டியில் நான்கு உருளைகளுக்கு இரண்டே காயில்கள். ஒரு காயில் முதலாவதையும் நான்காவதையும், மற்றொன்று இரண்டாவதையும் மூன்றாவதையும் கவனித்துக்கொள்ளும். ஒவ்வொரு காயிலும் தன்னுடைய இரண்டு பிளக்குகளிலும் ஒரே நேரத்தில் பொறி விடும். ஒன்று கலவையைக் கொளுத்தும், மற்றது புகை வெளியேறும் உருளையில் வீணாகத் தெறிக்கும். இந்த அமைப்பை அறிந்த மெக்கானிக்குக்கு, எத்தனை உருளை போயிற்று, எவை போயின என்பதே பாதி விடை. ஒன்றும் நான்கும் சேர்ந்து போனால் அவற்றின் காயிலையோ பாயிண்ட்டையோ பார்க்கவேண்டும். கார்புரேட்டரைக் கழற்றத் தேவையில்லை. ஒன்று மட்டும் போனால் காயிலைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் பிளக்கையும், அதற்குரிய கார்புரேட்டரையும், வால்வையும் பார்க்கவேண்டும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. மின்சாரம் இரண்டு பிளக்குகளையும் தொடர்ச்சியாகக் கடந்து சுற்றை முடிப்பதால், ஒரு பிளக்கின் வயர் அறுந்தால் ஜோடியின் மற்ற பிளக்கும் பொறி இழக்கக்கூடும். ஆனால் ஒரு பிளக் கரிபடிந்து ஷார்ட் ஆனால் தான் மட்டும் சாகும், ஜோடி பிழைத்திருக்கும். விளைவு ஒன்றுபோல் தோன்றினாலும் காரணம் வெவ்வேறு.

இரட்டை உருளைக்கு இன்னொரு பேறு உண்டு. அது தன் நோய்க்கான அளவுகோலைத் தன்னோடே சுமந்து திரிகிறது. ஒற்றை உருளை வண்டியில் பொறி போதுமானதா, அழுத்தம் போதுமானதா என்று தீர்மானிக்க வெளியிலிருந்து ஓர் அளவு வேண்டும். இரட்டை உருளையிலோ பக்கத்திலேயே நலமான இன்னொன்று நிற்கிறது. இடத்தை வலத்தோடு ஒப்பிடலாம். ஓர் உறுப்பை இடம் மாற்றிப் போட்டு நோய் கூடவே போகிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கலாம். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் பொறுமை இருந்தால் போதும்.

*

நம் நாட்டுப் பட்டறைகளுக்கு இந்தப் பயிற்சி தாமதமாகத்தான் வாய்த்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டதிலிருந்து நம் தெருக்களில் ஓடிய புல்லட் ஒற்றை உருளை. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் பழைய ராஜ்தூத் 175 ஒற்றை உருளை. 1960களின் தொடக்கத்திலிருந்து மைசூரில் தயாரான ஜாவா 250 பார்வைக்கு ஏமாற்றுக்காரன். இருபுறமும் இரண்டு சைலன்சர்கள் நீண்டிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது ஒரே உருளை. ஆகவே ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் காதும் கையும் ஒற்றை உருளையிலேயே பழகின. வண்டி நின்றால் பார்ப்பது என்பதே அவர்கள் கற்ற பாடம்.

1983இல் யமஹாவின் ஆர்டி350ஐ எஸ்கார்ட்ஸ் இங்கே ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு உருளைகள், 347 சிசி, ஆறு கியர். ஜப்பானிய மூலத்தில் 39 குதிரைத்திறன் தந்த இயந்திரம் இந்திய நிலைமைக்கேற்ப 30.5 ஆகக் குறைக்கப்பட்டது. முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக டிரம் பிரேக் வந்தது. அப்படியும் அந்நாளைய இந்தியச் சாலைக்கு அது அளவுக்கு மீறிய வேகம். பெட்ரோலைக் குடிக்கும், விலை அதிகம், உதிரிபாகம் எளிதில் கிடைக்காது என்று பெயரெடுத்தது. நீண்டகாலம் தயாரிப்பில் நீடிக்கவில்லை. ஆனால் இருந்த சில ஆண்டுகளில் அது நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதிய பாடம் ஒன்றை வைத்தது. இரண்டு பாயிண்ட், இரண்டு கண்டன்சர், இரண்டு காயில், இரண்டு கார்புரேட்டர். எல்லாம் இரண்டிரண்டு. ஒன்று போனாலும் வண்டி ஓடும். ஓடும் வண்டியில் நோய் பார்க்கக் கற்றவர்கள் சிலர் உருவானார்கள். அவர்களில் ஒருவரைத்தான் கடைசியில் நாங்கள் தேடிப்போனோம்.

*

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகை இல்லாத பட்டறை. ஊரில் எல்லோரும் பாய் என்றே அழைக்கும் முதியவர். நாங்கள் கதையைச் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தி, வண்டியை உதைக்கச் சொன்னார். சிறிது நேரம் கேட்டார். இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. "நல்லாத்தான இருக்கு? ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்றார்.

நண்பர் பெருமாள்புரம் வரை ஓட்டித் திரும்பியபோது வலப்பக்கம் உறங்கியிருந்தது. பாய் ஒரு குவளையில் விரல்களை நனைத்து இரண்டு புகைக்குழாய்களிலும், உருளையை ஒட்டிய இடத்தில், நீரைத் தெளித்தார். இடப்பக்கம் சீறியது. வலப்பக்கத்தில் துளி மெல்லப் பரவி வழிந்தது.

"வலது தூங்குது சார்."

பிறகு நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்வது நல்லது. முதலில் இரண்டு பிளக்குகளையும் கழற்றினார். வலது நனைந்திருந்தது. நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வந்து சேர்கிறது, கொளுத்தும் நெருப்பு வரவில்லை என்று பொருள். உலர்ந்திருந்தால் பார்வை கார்புரேட்டர் பக்கம் போயிருக்கும். அடுத்து ஓட்டைகளில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கிக்கரை மிதிக்கச் செய்தார்; இரண்டு பக்கமும் விரலை ஒரே வலுவில் தள்ளின. அழுத்தம் சரி. மூன்றாவதாக, இடத்துப் பிளக்கை வலத்திலும் வலத்ததை இடத்திலும் போட்டார். நோய் நகரவில்லை, வலத்திலேயே இருந்தது. ஆகவே பிளக் குற்றவாளி அன்று. நான்காவதாகக் காயில்களை இடம் மாற்றினார். அப்போதும் வலம்தான் உறங்கியது. காயிலும் விடுதலை.

இதற்குள் இயந்திரம் ஆறத் தொடங்கியிருந்தது. மறுபடி சூடேறும்வரை ஓட்டச் சொன்னார். பிறகு இயந்திரத்தின் இடப்பக்க மூடியைக் கழற்றி, இயந்திரம் ஓடும்போதே பாயிண்ட்டுகளைப் பார்க்க எங்களைக் குனியச் சொன்னார். வெயில் படாதிருக்கத் தம் துண்டை மேலே பிடித்துக்கொண்டார். இடத்துப் பாயிண்ட்டில் ஊசிமுனை அளவில் மங்கலான நீலம். வலத்துப் பாயிண்ட்டில் மஞ்சளாகப் பெரிய பொறி படபடவென்று சிதறிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய நெருப்பு அங்கே வீணாகிக்கொண்டிருந்தது.

"கண்டன்சர் சார். சூடானா விட்டுருது. ஆறுனா புடிச்சுக்கிடுது."

"அன்னைக்குப் புது பிளக் போட்டதும் ஓடுச்சே பாய்?" என்றார் நண்பர்.

"பிளக்கால ஓடல சார். நீங்க மரத்தடியில நின்ன நேரத்துல அது ஆறிருக்கு. அதான் ஓடிருக்கு. பழைய பிளக்கத் தூரப் போட்டுட்டியளா?"

போட்டுவிட்டோம். அது நல்ல பிளக்.

இயற்பியல் கற்பிக்கும் நண்பர் அன்று வீடு திரும்பும்வரை அதிகம் பேசவில்லை. ஒன்றுக்குப்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்பவர் அவர். நடுச்சாலையில் வண்டி ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் நாங்கள் இருவரும் அதைத்தான் மறந்திருந்தோம்.

*

கண்டன்சரின் விலை மிகச் சொற்பம். இழந்தது அதுவன்று. ரீபோர் என்பது உருளையின் உட்சுவரைச் சீவி அகலமாக்குவது. வழக்கமாகக் கால் மில்லிமீட்டர் வீதம் படிப்படியாக அறுப்பார்கள், அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். சில முறைக்கு மேல் சுவர் தாங்காது. தயாரிப்பு நின்று பல்லாண்டுகளான வண்டிக்கு ஒவ்வொரு ரீபோரும் எண்ணிக்கையில் அடங்கிய ஆயுளில் ஒன்று. எங்கள் அவசரத்தால், எந்தக் குற்றமும் செய்யாத இரண்டு உருளைகளும் ஆளுக்கோர் ஆயுளை இழந்தன. சீவிய இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க எந்தப் பாயாலும் முடியாது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் துயரம் வேறொரு வடிவில் பழக்கமானது. பாஷ் தம் முதல் மேக்னெட்டோவைச் செய்த அதே 1887இல்தான் உ.வே.சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் தெளிந்து, பாடம் கண்டவர் அவர். ஏட்டில் பொருள் விளங்காத இடம் வந்ததும், ஒப்பிடாமலே, தமக்குத் தோன்றியதைப் போட்டுத் திருத்திவிடும் கைகளும் எக்காலத்திலும் இருந்தன. விளங்காதது ஏட்டின் பிழையாகவும் இருக்கலாம், படிப்பவரின் அறியாமையாகவும் இருக்கலாம். எது என்று தெரியும்முன் கைவைத்தால் நல்ல பாடம் அழியும். எங்கள் வண்டிக்கு ரீபோர் செய்த பணிமனையும், அதற்குத் தலையாட்டிய நாங்களும், செய்தது அப்படியொரு திருத்தம்தான்.

ஒப்புநோக்கும் அறிவும் காலத்தோடு மாறவேண்டியிருக்கிறது. பிளக்கின் நிறத்தைப் பார்த்து உருளையின் உள்நிலையைச் சொல்வது பழைய மெக்கானிக்குகளின் கலை. காப்பிக்கொட்டை நிறம் நலம், வெளுப்பு மிகைச்சூடு, கறுப்பு மிகை பெட்ரோல் அல்லது எண்ணெய் என்பது அவர்கள் வாய்பாடு. அந்த நிறங்களில் பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்துக்கும் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின் பிளக்கின் நிறம் முன்போல் அழுத்தமாகப் பேசுவதில்லை. எழுத்து மாறியது, படிப்பவர்கள் கண்ணைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

*

இன்று கையும் காதும் செய்த வேலையை எண்கள் செய்கின்றன. அமெரிக்கக் கார்களில் 1996 மாடல்களிலிருந்து, எந்த உருளை பற்றத் தவறுகிறது என்பதை வண்டியின் கணினியே கண்டறிந்து குறித்துவைப்பது கட்டாயமாயிற்று. பி0301 என்று வந்தால் முதல் உருளை. பி0302 என்றால் இரண்டாவது. நம் நாட்டு இருசக்கர வண்டிகளுக்கும் பிஎஸ்6 விதிகளோடு, 2020 ஏப்ரலிலிருந்து, வண்டி தன் கோளாறைத் தானே கண்காணிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. 2018இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இரட்டை உருளை வண்டிகள் சென்னையின் புறநகரிலேயே தயாராகின்றன. ஒற்றை உருளைக்குப் பேர்போன மண்ணில் இப்போது இரட்டை உருளை விளைகிறது. அதன் கிராங்க் தண்டு 270 பாகையில் அமைந்திருப்பதால் நடை பிறவியிலேயே சமமற்றது. பழைய காதோடு அதைக் கேட்பவர்கள் புதிய நலத்தைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

பற்றத் தவறுவதைக் கணினி எப்படி அறிகிறது என்று படித்தபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது. பெரும்பாலான வண்டிகளில் உருளைக்குள்ளே அது எட்டிப் பார்ப்பதில்லை. கிராங்க் தண்டின் சுழற்சியைக் கணந்தோறும் அளக்கிறது. ஓர் உருளை வெடிக்கத் தவறினால் அந்த இடத்தில் சுழற்சி இம்மியளவு தளர்கிறது. அந்தத் தளர்ச்சியைக் கொண்டு எந்த உருளை என்று கணக்கிடுகிறது. அதாவது, பாய் காதால் கேட்ட அதே நொண்டலைத்தான் அதுவும் கேட்கிறது, நம்மைவிடக் கூர்மையாக.

ஆனால் அந்த எண் எங்கே என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. பி0302 வந்ததும் காயிலை மாற்றிவிடும் அவசரம், பிளக் நனைந்திருப்பதைக் கண்டதும் பிளக்கை மாற்றிய எங்கள் அவசரத்தின் உடன்பிறப்பே. புதிய கருவி வைத்திருக்கும் நல்ல மெக்கானிக்கும் இரண்டாவது காயிலை முதலாவதன் இடத்தில் போட்டு, எண் 0301 ஆக மாறுகிறதா என்றுதான் பார்க்கிறார். அவர் செய்வது பாய் செய்ததன் தொடர்ச்சி.

இந்த அறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை. தயாரிப்பாளரின் கையேடுகளில் உறுப்புகளின் அளவுகள் உண்டு. பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் என்று உண்டு. சூடாகும்வரை காத்திரு, துண்டைப் பிடித்து வெயிலை மறை, சரியாக ஓடத் தொடங்கியதற்கு நீ செய்தது காரணமா, நீ நின்றது காரணமா என்று கேள் என்பவை இல்லை. ஏடுகளைத் தேடிச் சேர்த்ததைப் பெருமையோடு நினைவுகூரும் சமூகம், தன் தெருமுனைப் பட்டறைகளில் அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்த நோயறி முறைகளைக் கேட்டு எழுதிவைக்க இன்னும் நேரம் இருக்கிறது. பாயின் தலைமுறையில் பலர் இல்லை, சிலர் இருக்கிறார்கள்.

நண்பரின் வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. கருவிப் பையில் உபரியாக ஒரு கண்டன்சர் இருக்கிறது. சென்ற மாதம் கங்கைகொண்டான் அருகே மறுபடி குரல் சற்று மாறியபோது நாங்கள் பிளக்கைத் தொடவில்லை. வண்டியை அணைக்காமல் ஓரங்கட்டி, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, இரண்டு குழாய்களிலும் சில துளிகளைத் தெளித்தோம். இரண்டும் சீறின. காற்று எதிர்த்து வீசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.